மனநல மாத்திரை எடுப்பவருக்குச் சாப்பாடு பார்த்துக் கொடுப்பது எப்படி?

என் தம்பி ஒலான்சபின் மாத்திரை ஆரம்பித்த நான்காவது மாதம். ராத்திரி பதினொரு மணிக்கு அடுப்படியில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். விளக்குகூடப் போடாமல், நின்றபடியே சட்டியிலிருந்து வெறும் சோற்றை அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எட்டரை மணிக்குத்தான் ஆறு தோசை சாப்பிட்டிருந்தான். "பசிக்குதுக்கா" என்றான். நான் திட்டினேன். திட்டியிருக்கவே கூடாது. அந்த மாத்திரை மூளையில் ஹிஸ்டமின் வேலை செய்யும் இடங்களை அடைக்கிறது. அதனால் வயிறு நிறைந்தாலும் பசி அடங்குவதில்லை. அவன் சொன்னது உண்மையான பசி.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், முதல் காரியமாக மாத்திரையில் கை வைக்காதீர்கள். எடை ஏறுகிறதே என்று நாமாக நிறுத்தினால் நோய் திரும்பி வரக்கூடும். எடை ஏறுவதை டாக்டரிடம் சொல்லுங்கள். அவ்வளவாக எடை ஏற்றாத மருந்துகளும் இருக்கின்றன, மாற்றுவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்வார்.

அடுத்து ஒரு நோட்டு, ஒரு எடை மெஷின், ஒரு தையல் டேப். அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவர் சங்கமும் 2004-ல் சேர்ந்து சொன்ன முறை இது: மருந்து தொடங்கும்போது எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்க்க வேண்டும். எடையை 4, 8, 12 வாரங்களில் மறுபடி பார்க்க வேண்டும். 12-வது வாரம் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். நாங்கள் முதல் ஒரு வருடம் எதையுமே பார்க்கவில்லை. பெல்ட்டில் புது ஓட்டை போட்டபோதுதான் உறைத்தது.

டேப்பைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை வெளியே விட்டதும் அளவு எடுங்கள். இறுக்க வேண்டாம். தெற்காசியர்களுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80. அதைத் தொட்டாலே கவனம் வேண்டும்.

சரி, தட்டுக்கு வருவோம். பசிக்கிறவனிடம் சாப்பிடாதே என்று சொல்லிப் பயனில்லை. கைக்கு எட்டுகிற இடத்தில் என்ன இருக்கிறது என்பதைத்தான் நாம் மாற்ற முடியும். பிஸ்கட், மிக்சர் வாங்குவதை வீட்டில் எல்லாருமே நிறுத்தினோம். அவனுக்கு மட்டும் பூட்டி வைத்தால் அவமானமாக இருக்கும். சாயங்காலமே கொண்டைக்கடலைச் சுண்டல் செய்து, நறுக்கின வெள்ளரிக்காயோடு ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வைத்துவிடுவேன். ராத்திரி அதை எடுத்துக்கொள்வான். மதியம் பொரியலும் முட்டையும் முதலில், சோறு கடைசியில். டீயில் சர்க்கரையை ஒன்றரை மாதமாக, கால் ஸ்பூன் கால் ஸ்பூனாகக் குறைத்தோம். அவனுக்கு வாய் வறளும், அதனால் கலர் கேட்பான். அந்த இடத்தில் உப்புப் போட்ட மோர் வந்தது.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஷெபானி சேத்தி நடத்திய ஆய்வு 2024-ல் வெளியானது. மனச்சிதைவு அல்லது இருதுருவ நோய் (பைபோலார்) உள்ள 21 பேர், மருந்தை நிறுத்தாமலே, நான்கு மாதம், மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவு சாப்பிட்டார்கள். மாவுச்சத்து சுமார் 10 சதவீதம்தான். எடை, சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் சேர்ந்து கெடும் வளர்சிதை நோய்க்கூட்டு ஆரம்பத்தில் 29 சதவீதம் பேருக்கு இருந்தது, முடிவில் யாருக்கும் இல்லை. மனநிலையிலும் முன்னேற்றம் தெரிந்தது. படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. உடம்பையும் மனதையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் இருக்கிறாரே என்று. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சின்ன ஆய்வு அது. மருத்துவர்கள் பக்கத்தில் இருந்து செய்ததும்கூட.

அதனால் வீட்டில் தானாகக் கீட்டோ தொடங்காதீர்கள். இன்சுலினோ, கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்கு மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும். இருதுருவ நோய்க்குத் தரும் லித்தியம் மருந்து எடுப்பவருக்கு உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறி விஷமாகும். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நோட்டில் எண்களோடு தூக்கம், மனநிலை இரண்டுக்கும் ஒரு வரி விடுங்கள். அப்புறம், அதை அவர்களே எழுதட்டும். போன ஞாயிற்றுக்கிழமை தம்பி எழுதியிருந்தான்: "91. நல்லா தூங்கினேன். சுண்டலில் உப்பு கம்மி."