முட்டைக்கு நாங்களே திகதி போடுவோம்

லண்டனில் இருக்கிற மச்சாள் முட்டைக்கோதில் அச்சடித்த இலக்கத்தைப் படம் பிடித்து அனுப்பி, இது என்ன என்று கேட்டார். முதல் இலக்கம் கோழி வளர்த்த விதம்: 0 இயற்கைப் பண்ணை, 1 வெளியே மேயவிட்டது, 2 கொட்டகை, 3 கூடு. இங்கே கிளிநொச்சிச் சந்தையில் வாங்கினாலும் பக்கத்து வளவு அக்காவிடம் வாங்கினாலும் கோதில் அனேகமாக இருப்பது கொஞ்சம் எச்சம்தான்.

சரி, முதல் வேலை பென்சில். முட்டை எடுத்த அன்றே திகதியை எழுதி, கூர்ப்பக்கம் கீழே இருக்கும்படி நிழலான இடத்தில் வையுங்கள். கழுவ வேண்டாம், கோதின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது, அது போனால் நுண்துளைகள் வழியாகக் கிருமி உள்ளே போவது சுகமாகிவிடும். காய்ந்த துணியால் துடைத்தால் போதும், கழுவுவதைச் சமைக்கும் நேரத்தில் பார்க்கலாம்.

இரண்டாவது, திகதி தெரியாத முட்டைக்குத் தண்ணீர்ச் சோதனை. புதிது அடியில் படுத்துக் கிடக்கும், கொஞ்சம் பழையது சரியும், இன்னும் பழையது அடியிலேயே நிமிர்ந்து நிற்கும், நல்லாய்ப் பழசானது மிதக்கும். உள்ளே இருக்கிற ஈரம் துளைகளால் வெளியேற, அகன்ற பக்கத்துக் காற்றறை பெருக்கிறது, அவ்வளவுதான். மிதப்பதெல்லாம் கூழ்முட்டை இல்லை, ஆனால் தனிக் கிண்ணத்தில் உடைத்து மணந்து பாருங்கள். ஒருமுறை கேக்குக்கு ஐந்து முட்டையை நேரே மாவுக்குள் உடைத்துவிட்டு ஆறாவதையும் அப்படியே உடைத்தேன், மணத்தோடு முழு மாவும் குப்பைக்குப் போனது.

மூன்றாவது இருட்டறையில் போன் ரோச். அகன்ற பக்கத்தில் ஒளியை ஒட்டிப் பிடித்தால் காற்றறை தெரியும், சிவந்த நரம்பு ஓடினால் குஞ்சு கட்டத் தொடங்கிவிட்டது. இது எங்கள் பக்கத்தில் முக்கியம். சேவலோடு திரிகிற ஊர்க்கோழியின் முட்டையில் கரு இருக்கலாம், வன்னி வெயிலில் அடைக்கோழி இல்லாமலே அது மெல்ல வளரப் பார்க்கும். சேவல் இல்லாத பண்ணை முட்டைக்கு அந்தத் தொல்லை கிடையாது. அதனால் ஊர்முட்டையை நாளுக்கு இரண்டு தரம் எடுத்து, பிறிஜ் இருந்தால் உடனே உள்ளே வையுங்கள்.

பிறகு தட்டில் உடைத்துப் பாருங்கள். புதியதில் மஞ்சள்கரு குவிந்து நிற்கும், வெள்ளைக்கரு அதைச் சுற்றித் தடித்திருக்கும், பழையதில் இரண்டும் பரந்து ஓடும். வெள்ளைக்கரு சற்றுக் கலங்கலாக இருந்தால் பயப்பட வேண்டாம், கரியமிலவாயு இன்னும் வெளியேறாத புது முட்டை அது. சின்ன இரத்தப் புள்ளியும் ஆபத்தில்லை.

சத்து? கோது நீங்கலாக 50 கிராம் முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம், 70 கலோரி, விற்றமின் ஏ, டி எல்லாம் மஞ்சள்கருவில், விற்றமின் சி மட்டும் இல்லை. கோதின் நிறம் இனத்தைப் பொறுத்தது, சிவப்பு முட்டைக்குக் கூடக் காசு கொடுப்பவர்களை எனக்கு விளங்கவே இல்லை. மஞ்சள்கருவின் கடும் நிறமும் கோழி கீரை, சோளம் தின்றதன் அடையாளம்தான்.

அப்புறம், அவிப்பதற்கு அன்று இட்ட முட்டையை எடுக்காதீர்கள். வெள்ளைக்கரு உட்தோலோடு ஒட்டி, உரிக்க உரிக்கக் கோதோடு பாதி பிய்ந்து வரும். பென்சில் திகதியைப் பார்த்து, ஒரு கிழமை பிறிஜ்ஜில் கிடந்ததை எடுங்கள், அன்றையதைப் பொரியலுக்கு வைத்துவிடுங்கள்.