பீமுக்கு அடியில் நாலு விரல் இடைவெளி

லடாக்கில் ரோடு வேலை பார்க்கிற மைத்துனன் போனில் சொன்னான்: குளிர்காலத்தில் மண்ணுக்குள் தண்ணீர் உறைந்து, பனிக்கட்டி அடுக்கடுக்காகத் தடித்து, அஸ்திவாரத்தையே தூக்கிவிடுமாம். எங்கள் சாயல்குடிப் பக்கம் வீட்டைத் தூக்க ஐப்பசி மழையே போதும். மூக்கையூர்க் கடலோரத்து மணலில் இந்தத் தொல்லை இல்லை. உள்ளே தள்ளிக் கரிசலுக்கு வந்தால்தான் வம்பு. கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழையில் ஊதும்.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும் முன் மண்ணைச் சோதியுங்கள். அடி மண்ணை நன்றாகக் காயவைத்து, பொடித்து, மெல்லிசாகச் சலித்து, 10 கிராம் வீதம் இரண்டு அளவு ஜாடிகளில் போடுங்கள். ஒன்றில் பேட்டரித் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். 24 மணி நேரம் விடுங்கள். மண்ணெண்ணெயில் மண் ஊதாது. அதில் மண் 10 மில்லி, தண்ணீரில் 15 மில்லி நின்றால் ஊதல் 50 சதவீதம். அதைத் தாண்டினால் சும்மா கல் கட்டி எழுப்பாதீர்கள்.

அந்த மண்ணுக்குப் பைல்தான் சரி, அதாவது மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண், அதன் அடிப்பக்கம் குடம் மாதிரி அகன்றிருக்கும். தண்டு 30 செ.மீ. என்றால் குடம் அதைப் போல் இரண்டரை மடங்கு, 75 செ.மீ. ஆழம் மூன்றரை மீட்டர் வாக்கில். மழையும் வெயிலும் எட்டாத ஆழத்தில் குடம் பிடித்துக்கொள்ளும். எத்தனை பைல், எவ்வளவு கம்பி என்பதை இன்ஜினியர் சொல்லட்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கலவைக்கு வேண்டாம், நல்ல தண்ணீர் லாரியில் வரட்டும்.

பைல் மேல் ஓடும் பீமின் அடி, தரையைத் தொடக்கூடாது. 8 செ.மீ., அதாவது நாலு விரல், வெறும் இடமாக இருக்க வேண்டும். நான் சறுக்கியது இங்கேதான். “பொந்து விட்டா பாம்பு குடியேறிரும்யா” என்று வீட்டுக்காரரின் அம்மா சொன்னார். நானும் மண்ணைத் திணித்து, கெட்டித்துக் கொடுத்துவிட்டேன். கார்த்திகையில் மண் ஊதிப் பீமை முட்ட, சுவரில் படிக்கட்டு மாதிரி வெடிப்பு. வாசற்கதவு சாத்தவே இல்லை.

இப்போது மணல் பரப்பி அதன்மேல் பீம் போடுகிறேன். இறுகியபின் பக்கவாட்டில் மணலை முழுசாகச் சுரண்டி எடுத்துவிட வேண்டும், சோம்பல் கூடாது. பாம்புக்கு, வெளிப்பக்கம் கடப்பாக்கல்லைப் பீமோடு ஒட்டாமல் நிறுத்துகிறேன்.

இன்னொன்று, சீமைக்கருவேலம். அது உறிஞ்சி வறண்ட மண், மரம் போனபின் ஈரம் குடித்து ஊதும். தூரோடு பிடுங்கிய மனை ஒரு ஐப்பசி, கார்த்திகை நனையட்டும். அப்புறம் கயிறு பிடிக்கலாம்.