தூசி படியும் சர்க்யூட் போர்டில் எத்தனை மி.மீ. இடைவெளி விடுவது?

230 வோல்ட் பகுதியும் கை படக்கூடிய பகுதியும் ஒரே போர்டில் இருந்தால், நடுவில் இரண்டு தூரங்களைப் பார்க்க வேண்டும். காற்று வழியே உள்ள மிகக் குறைந்த இடைவெளி கிளியரன்ஸ். மேற்பரப்பை ஒட்டியே போகும் குறுக்குவழி கிரீப்பேஜ். தூசி முக்கியமாகக் கை வைப்பது கிரீப்பேஜில்தான்.

காய்ந்த தூசி பெரும்பாலும் மின்சாரம் கடத்தாது. ஈரம் பட்டதும் அதிலுள்ள உப்பு கரைந்து கசிவு மின்னோட்டம் ஓடும். அந்தச் சூட்டில் ஒரு கீற்று மட்டும் முதலில் காயும். வோல்டேஜ் அத்தனையும் அந்தக் கீற்றின் குறுக்கே நிற்கும், பொடிப்பொறி தட்டும். பொறி பட்ட இடம் கரியாகும். கரி மின்சாரம் கடத்தும். அடுத்த பொறி அதன் நுனியிலிருந்து கிளம்பும்.

1. போர்டில் எவ்வளவு தூசியும் ஈரமும் சேரும் என்பதைச் சொல்லும் மாசு நிலையை முடிவு செய்யுங்கள். மின்காப்பு இடைவெளிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60664-1 நான்கு நிலைகள் சொல்கிறது. வீடு, அலுவலகச் சாதனங்களுக்கு 2. ஈரத்தூசி படியும் பட்டறைக்கு 3. இங்கே தாராளம் காட்டினால் பின்னால் வரும் கணக்கெல்லாம் வீண்.

2. போர்டின் சிடிஐ எண்ணைப் பாருங்கள்; மேற்பரப்பு இப்படிக் கரியாவதை எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு அது. சாதாரண எஃப்ஆர்-4 (கண்ணாடி இழை, எபாக்ஸி போர்டு) பெரும்பாலும் 175-க்கும் 400-க்கும் இடையில், அதாவது தரத்தின் 3ஏ பொருள் குழு.

3. அந்தத் தரத்தின் கிரீப்பேஜ் அட்டவணையில் 250 வோல்ட் வரிசையை எடுங்கள். 3ஏ குழுவுக்கு அடிப்படைக் காப்பு, நிலை 2-இல் 2.5 மி.மீ., நிலை 3-இல் 4 மி.மீ. கை படும் பக்கத்துக்கு வலுவூட்டிய காப்பு வேண்டும் என்பதால் இரட்டிப்பு: 5, 8. கிளியரன்ஸோ, வலுவூட்டிய காப்புக்கே, ஓவர்வோல்டேஜ் வகை 2-க்கு (பிளக்கில் செருகும் சாதாரணச் சாதனங்கள்), 2000 மீட்டர் உயரம் வரை, இரண்டு நிலையிலும் 3 மி.மீ.தான்.

4. இரு பக்கத்துக்கும் நடுவே ஒளி வழியே சிக்னல் கடத்தும் சில்லான ஆப்டோகப்ளரின் அடியில் அளந்து பாருங்கள். கால் வரிசைகளுக்கு நடுவே 7.62 மி.மீ.; கால்களைப் பற்றவைக்க 1.6 மி.மீ. செம்புப் பேட் போட்டால் மிஞ்சுவது 6.02. நிலை 2-க்குப் போதும், 3-க்குப் போதாது.

5. போதாதென்றால் மேற்பரப்பு வழி நீள போர்டில் ஸ்லாட் (நீளத் துளை) வெட்டலாம். ஆனால் நிலை 3-இல் 1 மி.மீ. ஸ்லாட் கணக்கிலேயே வராது, தூசி அடைத்துவிடும் என்று வைத்துத்தான் கணக்கு; குறைந்தது 1.5 வேண்டும். ஆப்டோகப்ளரின் உடல்மேல் போகும் வழியை எந்த ஸ்லாட்டும் நீட்டாது. டேட்டாஷீட்டில் அதுவே 8-க்குக் குறைவென்றால், 10.16 மி.மீ. கால் அகலமுள்ள ரகத்தில் 8 இருக்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள்.

6. போர்டின்மேல் பாதுகாப்புக் கோட்டிங் அடிப்பதாக இருந்தால், முதலில் சால்டரிங்கில் மிஞ்சிய ஃபிளக்ஸ் கறையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி நன்றாக உலர விடுங்கள். அழுக்கின்மேல் அடித்த கோட்டிங் கசிவை உள்ளேயே பூட்டி வைக்கும்.