டிராக் ரேஸில் கார்புரேட்டர் ஸ்பேசர்: பூட்ட அரை மணி, புரிய ஒரு நாள்

காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டருக்கும், அந்தக் கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் நடுவில் பலகைத் துண்டு மாதிரி உட்காருவதுதான் ஸ்பேசர். நேர்கோட்டில் ஓடும் குறுந்தூரப் பந்தயம்தான் டிராக் ரேஸ். அமெரிக்காவில் அதன் பெரிய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ., 2016-ல் தன் புரோ ஸ்டாக் பிரிவைக்கூட கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றிவிட்டது. ஆனாலும் வார இறுதியில் பழைய வி8 காரோடு ஓட வருகிறவர்களில் கார்புரேட்டரை விடாதவர்கள் நிறையப் பேர். விலை குறைவு என்பதால் அவர்கள் முதலில் வாங்கிப் பார்க்கும் சாமான்களில் ஸ்பேசரும் ஒன்று. "பூட்டினால் பவர் கூடும்" என்று பக்கத்து வண்டிக்காரர் சொல்வார். கூடலாம், ஒன்றும் ஆகாமலும் போகலாம், குறையவும் செய்யலாம்.

ஏன் அப்படி? கார்புரேட்டரிலிருந்து காற்றும் பெட்ரோலும் நேராகக் கீழே இறங்கி, மேனிஃபோல்டுக்குள் சட்டென்று பக்கவாட்டில் திரும்ப வேண்டும். காற்று திரும்பிவிடும். பெட்ரோல் துளிக்குக் கனம் அதிகம். அது நேராகப் போய்த் தரையில் மோதும். ஸ்பேசர் தரும் கூடுதல் உயரத்தில் அந்தத் திருப்பம் கொஞ்சம் இதமாகிறது. கூடவே, கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் பிளீனம் என்ற அறையின் கொள்ளளவும் மாறுகிறது. நல்லதும் கெட்டதும் இங்கிருந்துதான் வருகின்றன.

திறந்த ஸ்பேசரில் நடுவில் ஒரே பெரிய ஓட்டை. ஒவ்வொரு சிலிண்டரும் இழுக்கும் இழுப்பு நாலு பேரலுக்கும் (கார்புரேட்டரில் காற்று இறங்கும் குழல்கள்) பரவும். உயர் ஆர்.பி.எம்.மில் இன்ஜின் நன்றாக மூச்சு விடும். ஆனால் ஒவ்வொரு பேரலுக்கும் கிடைக்கும் இழுப்பு மென்மையாகிவிடுவதால், பெட்ரோல் குறைவாக வந்து கலவை வறண்டுபோகலாம். நாலு துளை ஸ்பேசரில் ஒவ்வொரு பேரலுக்கும் தனி வழி. காற்றின் வேகம் குலையாது. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் இன்ஜின் சட்டென்று பதில் சொல்லும். உள்ளே இரண்டு தளமாகப் பிரிந்திருக்கும் டூயல் பிளேன் மேனிஃபோல்டில் இன்னொரு விஷயம் உண்டு. அதன் நடுச்சுவரால் ஒரு சிலிண்டருக்கு இரண்டு பேரல்தான் கிடைக்கும். திறந்த ஸ்பேசர் வைத்தால் அந்தச் சுவருக்கு மேலே நாலும் ஒன்றுசேரும்.

எதனால் செய்தது என்பதும் முக்கியம். அலுமினியம் சூட்டைக் கடத்தும். மர லேமினேட், ஃபீனாலிக், பிளாஸ்டிக் எல்லாம் தடுக்கும். ஒரு ஓட்டம் முடிந்து அடுத்ததற்கு வரிசையில் நிற்கும்போது இன்ஜின் சூடு மேலே ஏறி, கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் கொதிக்கும். வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். அந்தத் தொல்லை இருந்தால் அலுமினியம் வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் படி: பானெட் இடைவெளி. ஏர் கிளீனர் மேல் நட்டின் மீது ஒரு களிமண் உருண்டையை வைத்து, பானெட்டை மூடித் திறந்து, நசுங்கியதன் கனத்தை அளந்துகொள்ளுங்கள். ஸ்பேசரின் உயரத்துக்கு மேல் அரை அங்குலமாவது மிச்சம் வேண்டும், ஏனென்றால் புறப்படும்போது இன்ஜின் முறுக்கிக்கொண்டு எழும். இதைச் செய்யாமல் 2 அங்குல ஸ்பேசரைப் பூட்டி, பானெட்டில் உள்ளிருந்து ஒரு பரு கிளப்பியவன் நான்.

இரண்டாவது படி: பூட்டுதல். இன்ஜின் குளிர்ந்த பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். கார்புரேட்டரைத் தூக்கியதும் மேனிஃபோல்டு வாயைச் சுத்தமான துணியால் அடையுங்கள். உள்ளே ஒரு நட் விழுந்தால் அன்றைய ரேஸ் அதோடு முடிந்தது. நீளமான ஸ்டட் போட்டு, ஸ்பேசருக்கு மேலும் கீழும் கேஸ்கட் வையுங்கள். துளைகளின் விளிம்பு ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கேஸ்கட் உள்ளே துருத்தக் கூடாது. நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஹோலி கம்பெனி வகைக் கார்புரேட்டருக்கு 60 முதல் 80 இஞ்ச்-பவுண்டு போதும். பலத்தைக் காட்டினால் கார்புரேட்டரின் அடித்தட்டு வளையும், விரிசல் விடவும் செய்யும்.

மூன்றாவது படியை யாரும் தவிர்க்காதீர்கள். கார்புரேட்டர் உயர்ந்துவிட்டதால் த்ராட்டில் கேபிளின் கோணமும் மாறியிருக்கும். அதன் பிராக்கெட்டையும் அதே அளவு உயர்த்த வேண்டும். ஒருவரைப் பெடலை அடிவரை மிதிக்கச் சொல்லி, த்ராட்டில் முழுதாகத் திறக்கிறதா, விட்டதும் டக்கென்று மூடுகிறதா என்று மேலிருந்து பாருங்கள். கையால் திறந்து பார்ப்பது கணக்கில்லை. திறந்தபடியே மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஐடிலில் ஓடவிட்டு, ஸ்பேசரைச் சுற்றிலும் தண்ணீர் தூவுங்கள். ஐடில் தடுமாறினால் அந்த இடத்தில் காற்று கசிகிறது. கார்ப் கிளீனர் அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு; சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருப்பதால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

இனிதான் உண்மையான வேலை. ஒரே நாளில், ஒரே லேனில், ஒரே டயர் காற்றழுத்தம், ஒரே இன்ஜின் சூட்டில் ஓட்ட வேண்டும். ஸ்பேசர் இல்லாமல் மூன்று ஓட்டம், அதோடு மூன்று, மறுபடி கழற்றிவிட்டு ஒன்றிரண்டு. கடைசி ஓட்டங்கள் ஏன் என்றால், மதிய வெயிலில் காற்றின் அடர்த்தி குறைந்து எந்த வண்டியும் மந்தமாகும். அந்தப் பழியை ஸ்பேசர் மேல் போட்டுவிடுவோம்.

ஓட்டம் முடிந்ததும் கையில் தரும் நேரச் சீட்டான டைம் ஸ்லிப்பில் 60, 330, 660, 1000, 1320 அடி என்று வரிசையாக நேரம் இருக்கும். 1320 அடி என்பது கால் மைல். மொத்த நேரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். புறப்பாட்டில் டயர் கொஞ்சம் வழுக்கினாலே அது கெட்டுவிடும். இன்ஜினின் பவர் தெரிவது கோட்டைத் தாண்டும்போது இருக்கும் வேகத்தில். வேகம் கூடி 60 அடி நேரம் மோசமானால், பவர் மேல் ஆர்.பி.எம்.முக்கு நகர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். கியர் மாற்றும் ஆர்.பி.எம்.மைச் சற்று உயர்த்திப் பாருங்கள். இரண்டுமே கெட்டு, ஸ்பார்க் பிளக் வெளுத்திருந்தால் கலவை வறண்டிருக்கிறது; கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சின்னத் துளையான ஜெட்டை இரண்டு எண் பெரிதாக்கி மறுபடி ஓட்டுங்கள். ஜெட், ஸ்பார்க் டைமிங், ஸ்பேசர் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது உதவியது என்று யாருக்கும் தெரியாது. ஜெட் மாற்றியும் தேறவில்லையா? கழற்றி வைத்துவிடுங்கள்.

என் கார் கனமானது, கியர் விகிதமும் தெருவுக்கானது. அதில் நின்றது 1 அங்குல நாலு துளை மர ஸ்பேசர். பானெட்டில் பரு கிளப்பிய அந்த 2 அங்குலத் திறந்த ஸ்பேசர் ஷெல்ஃபில் கிடக்கிறது. நடுச்சுவர் இல்லாத சிங்கிள் பிளேன் மேனிஃபோல்டு வாங்கும் அன்று அதற்கு மறுபடி முறை வரும்.