லோடு மாட்டினால் கரும்புகை, இழுவை இல்லை: ரெக்கவரி வண்டியில் முதலில் எங்கே பார்ப்பது

ராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடி வரை மேடு என்று சொல்ல பாம்பன் ரோட்டுப் பாலம் ஒன்றுதான். மற்றதெல்லாம் சமதளம். அதனால் ரெக்கவரி வண்டியின் இழுவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது வெறும் வண்டி ஓட்டும்போது தெரியவே தெரியாது. பின்னால் ஒரு வேனை மாட்டிக்கொண்டு பாலம் ஏறும்போதுதான் கியர் தாங்காது, கண்ணாடியில் பார்த்தால் புகை சுருண்டு வரும். உடனே "நாசில் போச்சு, பம்பை இறக்கு" என்பார்கள். நாசில் என்பது டீசலை இன்ஜினுக்குள் தெளிக்கும் இன்ஜெக்டரின் முனை. செலவு கூடிய அந்த வேலையைக் கடைசியில் வையுங்கள்.

கரும்புகை என்றால் டீசல் வந்துவிட்டது, அதை எரிக்கக் காற்று போதவில்லை என்று பொருள். இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் டீசல்தான் சரியாக வரவில்லை. டீசல் ஃபில்டரையும் டேங்க் லைனையும் பார்க்க வேண்டும். வெள்ளைப் புகை எரியாத டீசல் அல்லது உள்ளே இறங்கும் கூலன்ட், நீலப் புகை ஆயில். இந்தப் பிரிவினையைச் செய்யாமல் ஸ்பானரை எடுக்காதீர்கள். புகை எப்போது வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஐடிலிலேயே வந்தால் நாசில் பக்கம் சந்தேகம் கூடும், லோடில் மட்டும் வந்தால் காற்றுப் பக்கம்.

முதலில் இன்ஜினை விட்டுவிட்டு வீல்களைப் பாருங்கள். கடற்கரை மணலில் சிக்கிய வண்டியை இழுக்கப் போய் உப்புத்தண்ணீரில் நனைந்த டிரம்களில் துரு ஏறி, பிரேக் ஷூ பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிரேக் பிடித்தபடியே ஓடும். பிரேக் அதிகம் மிதிக்காமல் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, டிரம் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் வீசினால் பாதிப் பதில் அங்கே கிடைத்துவிட்டது. இழுத்து வரும் வண்டியின் ஹேண்ட் பிரேக்கையும் ஒருமுறை சரிபாருங்கள்.

அடுத்தது ஏர் ஃபில்டர். ஆடிக்காற்றில் மணல் பறக்கும் மாதங்களில் கம்பெனி சொன்ன கிலோமீட்டர் கணக்கு இங்கே செல்லாது. ஃபில்டர் அடைப்பைக் காட்டும் ரெஸ்ட்ரிக்ஷன் இண்டிகேட்டர் சிவப்பானால் உடனே கழற்றுங்கள். ஊதுவதானால் உள்ளிருந்து வெளியே, 2 பார் அழுத்தத்துக்கு மேல் போகாமல். பஞ்சர் கடை கம்ப்ரசரின் முழு அழுத்தத்தை அப்படியே வைத்தால் தாளில் ஊசி ஓட்டைகள் விழும். ஊதிய பின் உள்ளே ஒரு பல்பைப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் புள்ளியாகத் தெரிந்தால் மாற்றுங்கள். உள்ளே இருக்கும் சிறிய சேஃப்டி ஃபில்டரை ஊதவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். புகை குறைகிறதா என்று பார்க்க ஃபில்டர் இல்லாமல் ஓட்டுவது இந்த மணல் பூமியில், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவைக் கொல்லும் வேலை. புது ஃபில்டர் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள ஹோஸைக் கழற்றி உட்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்து, அந்தத் துணியை விரலில் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று மணல் தட்டினால் ஃபில்டரைத் தாண்டி மணல் போகிறது. ஃபில்டர் வாய் ரப்பர் சரியாக உட்காரவில்லை, அல்லது கிளாம்ப் துருப்பிடித்துத் தளர்ந்திருக்கிறது. அந்த வண்டியில் டர்போவின் கம்ப்ரசர் இறக்கையின் முனைகள் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பிஸ்டன் ரிங்கும் சந்தேகத்துக்குரியதே. இந்த ஒரு சோதனையை எந்த வண்டியிலும் விட்டுவிடாதீர்கள்.

இனி டர்போவிலிருந்து காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலர், அங்கிருந்து காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்து விடும் மேனிஃபோல்டு. லோடில் இழுவையைத் தின்னும் கசிவு பெரும்பாலும் இந்த வழியில்தான் இருக்கும். ஹோஸ் மூட்டில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கும், அதன்மேல் மண்ணும் ஒட்டியிருந்தால் அங்கே காற்று வெளியேறுகிறது. லோடில் "உஸ்" என்று சீட்டி சத்தம் கேட்பதும் அதே அடையாளம். உறுதி செய்ய, டர்போ வாய்க்குப் பொருந்தும் பிவிசி மூடியில் ஒரு டியூப்லெஸ் வால்வைப் பொருத்தி, கிளாம்ப் போட்டு இறுக்கி, 1 பார் வரை மட்டும் காற்று ஏற்றுங்கள். இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸிலிருந்து ஆவி வெளிவரும் பிரீதர் பைப் அந்த வழியில் சேர்ந்தால் அதைக் கழற்றித் துளையை அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காற்று கிராங்க்கேஸுக்குள் போய் ஆயில் சீலைத் தள்ளிவிடும். மூடிக்கு நேர் எதிரே நிற்காதீர்கள், கழன்றால் குண்டு போலப் பறக்கும். பிறகு எல்லா மூட்டிலும், இன்டர்கூலரின் ஓரப் பற்றவைப்பிலும் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். இன்ஜினில் திறந்திருக்கும் வால்வு வழியாகக் கொஞ்சம் காற்று எப்படியும் இறங்கும். நுரை பொங்கும் இடம்தான் நமக்கு வேண்டும்.

இன்டர்கூலரின் வெளிப்பக்கத்தையும் பாருங்கள். உப்பும் தூசியும் சேர்ந்து அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கெட்டியாக அடைத்திருக்கும். காற்று குளிராமல் உள்ளே போனால் அடர்த்தி குறைந்து, புகையும் கூடும், இழுவையும் குறையும். கழுவ போர் தண்ணீர் வேண்டாம். நம் பக்கம் பல இடங்களில் அதுவே உப்பு. நல்ல தண்ணீரில், மெதுவான அழுத்தத்தில், இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளிக் கழுவுங்கள்.

டர்போவை ஆறிய பின் விரலால் சுற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆட்டம் கையில் தெரியக்கூடாது, இறக்கை உறையில் உரசவே கூடாது. புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பி விடும் வேஸ்ட்கேட்டின் கம்பி துருவில் திறந்தபடி இறுகியிருந்தால், டர்போ நன்றாக இருந்தும் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) வராது. எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள வண்டியில், புகைக்குழாயை மூடும் பட்டர்ஃபிளை தகடு பாதி மூடியபடி நிற்பதும் கடலோரத்தில் நடப்பதுதான்: புகை வெளியேற வழியில்லை, புதுக் காற்று நுழைய இடமில்லை. கம்பியைக் கையால் அசைத்து, முழுதாகத் திறந்து நிற்கிறதா என்று பாருங்கள். இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் அமைப்பு) இருந்தால் வால்வைக் கழற்றிக் கரி படிந்து திறந்தே நிற்கிறதா என்று பாருங்கள்.

ஸ்கேனர் மாட்டும்போது சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஓட விடாமல் மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் அளவைப் பாருங்கள். கடல் மட்டத்தில் நிற்கும் வண்டி ஏறக்குறைய 1 பார், அதாவது 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். 120 காட்டினால் சென்சார் இல்லாத காற்றைக் கணக்குச் சொல்கிறது, இன்ஜினின் கணினியான இசியூ அதை நம்பி டீசலைக் கூட்டுகிறது. சென்சாரை மாற்றும் முன் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பின்னில் பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனரால் துடைத்து மறுபடி அளவு பாருங்கள். பிறகு லோடில் ஓட்டி, இசியூ கேட்ட பூஸ்டும் வந்த பூஸ்டும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் நாசில். காமன் ரெயிலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வண்டியில்) மிச்ச டீசல் திரும்பும் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டில் வைத்து இன்ஜினை ஓட விடுங்கள். ஒன்றில் மட்டும் டீசல் மிக அதிகமாகச் சேர்ந்தால் அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்திருக்கிறது. முனை ஒழுகும் இன்ஜெக்டர் இதில் சிக்காமல் போகலாம், அதை டெஸ்ட் பெஞ்சில்தான் பிடிக்க வேண்டும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறி டீசல் வாடை அடித்தால் ஒழுகல் உறுதிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆயிலை மாற்றாமல் வண்டியை ஓட்டாதீர்கள். பழைய பம்பில் செய்தது போல ஓடும் இன்ஜினில் பிரஷர் பைப் நட்டைத் தளர்த்தாதீர்கள். அங்கே அழுத்தம் 1,000 பாருக்கு மேலும் ஏறும், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். புது இன்ஜெக்டர் போட்டால் அதன் குறியீட்டு எண்ணை இசியூவில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் புகை தொடரலாம்.

பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் பம்பின் சீல் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். இழுவைக்காக யாரோ டீசல் ஸ்க்ரூவைக் கூட்டி வைத்திருப்பார்கள். டைமிங் (டீசல் தெளிக்கும் நேரம்) பின்தங்கியிருந்தாலும் இதே புகைதான்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியில் கரும்புகை கண்ணில் படவே கூடாது. பட்டால் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப் உடைந்திருக்கிறது அல்லது யாரோ எடுத்திருக்கிறார்கள். டிபிஎஃப் நன்றாக இருந்தால் மேலே சொன்ன கோளாறுகள் புகையாக வராமல், அதற்குள் கரியாகச் சேர்ந்து அடைப்பாக வரும். அடைப்பை மட்டும் எடுத்துவிட்டு ஹோஸ் கசிவை விட்டால் அதே டிபிஎஃப் மறுபடி அடைக்கும்.