நனவுச் சோதனையைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனில் தைப்பூசக் காவடி முடிந்த வாரம் எங்கள் வீட்டில் ஒரே பேச்சு. அலகு குத்தி, அருள் வந்து நின்ற என் தம்பி மகனுக்கு வலி தெரிந்ததா, இல்லையா? "நனவு, அதாவது நாம் உணர்ந்திருக்கும் நிலை, மூளையில் எங்கே இருக்கிறது என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்களைக் கேட்டால் தெரியும்" என்றார் பெரியப்பா. அவர் சொன்னது, நனவு எப்படி எழுகிறது என்பதில் எதிரெதிர்க் கோட்பாடு கொண்டவர்கள் சேர்ந்து திட்டமிட்டு, 2025 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வை.

அந்த ஆய்வைக் காவடிக்கும் புனித வெள்ளித் தீமிதிக்கும் நீட்டுவதுதான் நம்மவர்கள் செய்யும் முதல் தவறு. 256 பேர் திரையில் முகம், பொருள், எழுத்து, பொருளற்ற குறி ஆகியவற்றை அரை விநாடி முதல் ஒன்றரை விநாடி வரை பார்த்தார்கள். அப்போது மூளையில் நடந்தது ஸ்கேன், காந்தப்புல அளவீடு, மூளைக்குள் வைத்த மின்முனைகள் என மூன்று வழிகளில் பதிவானது. வலி, அருள், மயக்கம் எதுவும் அதில் இல்லை. தம்பி மகனையே கேட்டேன். தோளில் இருந்த பாரம்தான் நினைவிருக்கிறது என்றான். அந்தப் பதிலை எடைபோட இந்த ஆய்வில் தராசு கிடையாது.

"யார் ஜெயித்தார்கள்?" என்று கேட்பது அடுத்த தவறு. இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. நரம்பியல் அறிஞர் ஸ்தனிஸ்லாஸ் தெஹான் தரப்பின் கோட்பாட்டின்படி, ஒரு செய்தி மூளை முழுதும் ஒலிபரப்பாகும்போது நனவு எழுகிறது. அதில் மூளையின் முன்பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. படம் மறையும் கணத்திலும் அங்கே ஒரு பொறி தட்ட வேண்டும். பெரும்பாலும் தட்டவில்லை. எதிர்த்தரப்பு நரம்பியல் அறிஞர் ஜூலியோ டொனோனியின் கோட்பாட்டின்படி, படம் தெரியும் வரை மூளையின் பின்பகுதிகள் ஒத்திசைந்து இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நீடித்த ஒத்திசைவும் கிடைக்கவில்லை. இரு தரப்புக்கும் சில கணிப்புகள் பலித்தன, முக்கியமானவை பொய்த்தன.

இரு தரப்பும் சேர்ந்து செய்த இந்த ஆய்வைச் சமரசம் என்று சொல்வதும் பிழை. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. எந்த முடிவு வந்தால் தங்கள் கணிப்பு பொய்த்ததாகும் என்பதை அளவீட்டுக்கு முன்பே எழுத்தில் பதிந்தார்கள். சோதனையை நடத்தியவர்கள் எந்தப் பக்கமும் சாராதவர்கள். உளவியல் அறிஞர் டேனியல் கானமன் வலியுறுத்திய வழி இது. கோயில் கமிட்டி வழக்கு ஒன்றில், எந்தச் சான்று வந்தால் என் வாதம் விழும் என்று முதலிலேயே எழுதிக் கொடுக்கும் ஒருவரை நான் இன்னும் பார்த்ததில்லை. அதனால்தான் இதை மதிக்கிறேன்.

1998-இல் நரம்பியல் அறிஞர் கிறிஸ்டோஃப் கோக்கும் தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸும் கட்டிய பந்தயத்தையும் இதோடு குழப்பக் கூடாது. நனவுக்குரிய தெளிவான மூளைத் தடயம் 25 ஆண்டுகளில் கிடைக்குமா என்பதே அந்தப் பந்தயம். 2023-இல் கோக் தோல்வியை ஏற்று ஒயின் கொடுத்தார்.

சோதனையின் முதல் முடிவுகள் 2023-இலேயே வெளியே தெரிந்திருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் 124 அறிஞர்கள் டொனோனியின் கோட்பாட்டைப் போலி அறிவியல் என்று கடிதம் எழுதினார்கள். சோதனையே அப்படி நிரூபித்ததாகச் சிலர் சொல்கிறார்கள். கடிதத்தின் வாதம் நேர் எதிரானது: சோதிக்கப்பட்ட கணிப்புகள் அந்தக் கோட்பாட்டின் மையக் கருத்தைத் தொடவே இல்லை என்பது.