விளையில் உடும்பு தங்க இடம் விடுவது எப்படி?

"உடும்புக் குஞ்சு கிடைச்சா வளர்க்கலாமா அண்ணே?" என்று பக்கத்துப் பையன்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில், புலியோடு சேர்ந்து இருக்கிறது. பிடித்து வைத்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். முட்டையை எடுப்பதும் குற்றம்தான்.

ஆனால் நம் குமரி மாவட்டத்தில் ஒரு தென்னை விளையோ (தோப்போ) ரப்பர் தோட்டமோ இருந்தால், அது தானாக வந்து தங்கிக் குஞ்சு பொரிக்க வழி செய்யலாம். விளை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. உடும்பு நம் எல்லைக்கல்லைப் பார்த்து நடக்காது, நாலு விளையைச் சேர்த்துத்தான் சுற்றும்.

முதலில், வருகிறதா என்று பாருங்கள். மழை விட்டு வெயில் ஏறும் காலையில் கையாலை (விளையின் எல்லைச் சுவர்) மேல் படுத்து வெயில் காயும். ஆளைக் காணாவிட்டால் மணலில் தடம் தேடுங்கள். நடுவில் வால் இழுத்த நீளக் கோடும் இரண்டு பக்கமும் நகம் பதிந்த குழிகளும் இருந்தால் உடும்பு. பாம்பு போன தடம் என்றால் நகக்குழி இருக்காது.

அடுத்தது, இடம். விளையின் ஒரு மூலையை அப்படியே விட்டுவிடுங்கள். பட்டுப்போன மரத்துப் பொந்து, கல் அடுக்கிய கையாலை, கறையான் புற்று மூன்றும் அதற்கு வீடு. கையாலைக்கு சிமென்ட் பூசினால் பொந்தெல்லாம் அடைந்துபோகும். பெண் உடும்பு பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பருக்குள் தரையிலோ புற்றிலோ குழி தோண்டி, சுமார் 20 முட்டை இடும். மண்ணைத் தள்ளி மூடி, மூக்கால் குத்திக் குத்தி இறுக்கும். முட்டை இருக்கும் இடம் தெரியாமலிருக்கச் சுற்றிலும் சில வெறுங்குழிகளும் தோண்டி வைக்கும். குஞ்சு வெளியே வர ஆறிலிருந்து எட்டு மாதம் ஆகும். அதனால் மண் கிண்டிய இடத்தைப் பார்த்தால் பக்கத்தில் ஒரு கம்பு நட்டு, அடுத்த மே மாதம் வரை அங்கே மண்வெட்டி போடாதீர்கள். தோண்டிப் பார்க்கவும் வேண்டாம். முட்டை புரண்டால் உள்ளே இருக்கும் கரு செத்துவிடும்.

சாப்பாடு நீங்கள் போட வேண்டியதில்லை. சாணிக்குழியைக் கிளறி, தென்னையைக் கெடுக்கும் காண்டாமிருக வண்டின் புழுக்களை அதுவே தின்னும். எலி, நத்தை, தேள் எதையும் விடாது. இதனால்தான் எலி விஷம் வைக்காதீர்கள் என்கிறேன். விஷம் தின்ற எலியைத் தின்றால் உடும்புக்கும் ஆபத்து.

சரி, கோழி? முட்டையையும் குஞ்சையும் உடும்பு எடுக்கத்தான் செய்யும். நாம் மரநாய்க்குப் பயந்து ராத்திரி கூட்டைப் பூட்டுகிறோம், உடும்பு வருவதோ பகலில். அடைக்கோழியையும் சின்னக் குஞ்சுகளையும் பகலிலும் அரை அங்குலக் கம்பி வலைக்குள் வையுங்கள். பழைய மீன்வலையை மட்டும் கட்டாதீர்கள். போன வருடம் நான் கட்டிய வலையில் ஒரு உடும்பு மாட்டிக் கிடந்தது. நூல் முன்னங்காலின் கக்கத்தில் இறங்கி ரத்தம் கட்டியிருந்தது. ஈரச் சாக்கைத் தலைமேல் போட்டதும் சீறல் அடங்கியது. கத்தரிக்கோலால் ஒவ்வொரு கண்ணியாக அறுக்க அரை மணி நேரம் ஆனது. விடுபட்டதும் பிளந்த நாக்கை இரண்டு தடவை நீட்டிவிட்டு, நொண்டிக்கொண்டே புற்றுப் பக்கம் போனது. அன்றைக்கே வலை முழுவதையும் கழற்றினேன்.

வீட்டுக்குள் வந்துவிட்டால் நாயைக் கட்டுங்கள். உள்கதவுகளைச் சாத்தி, வாசல் கதவைத் திறந்துவைத்து விலகி நில்லுங்கள். மூலையில் மடக்கினால் உடம்பை ஊதி, வாலால் அடிக்கும், கடிக்கவும் செய்யும். வெளியேறாவிட்டால் வனத்துறைக்கோ 101-க்கு தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்கள்.

குஞ்சு பொரித்தபின் மஞ்சள் புள்ளியும் கறுப்புப் பட்டையுமாகச் சின்ன உடும்பு கண்ணில் படும். வேறு இனம் என்று நினைத்துவிடாதீர்கள், வளர வளர அந்த நிறம் மங்கிவிடும். சின்னதில் மரத்தில்தான் அதிகம் இருக்கும். பொந்துள்ள மரத்தில் கொப்பு வெட்ட ஏறுகிறவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.